தலைக்கட்டு வரியும் வில்லின் ஓசையும்

இசைக்குச் சீட்டு விற்கும் வழக்கத்தை நாஞ்சில் நாட்டுச் சிற்றூர் மக்கள் நாடகக் கொட்டகைகளில்தான் கண்டனர். ஊர்க்கோயில் கொடையில் சீட்டு இல்லை. இன்னாருக்கு இன்ன இருக்கை என்ற ஏற்பாடும் இல்லை. பந்தலுக்கு முன்னால் முதலில் பாய் விரித்தவருக்கு முதல் இடம். பிந்தி வந்தவர் திண்ணையிலும் வைக்கோற்போர் அருகிலும் ஒதுங்கிக்கொள்வார். விடிய விடிய வில்லுப்பாட்டு நடக்கும். கேட்பவர் எழுந்து போகலாம், உறங்கலாம், விழித்துக்கொண்டு கதை எவ்விடத்தில் நிற்கிறதென்று பக்கத்தில் இருப்பவரை வினவலாம்.

இதனை இலவச இசை என்று கூறுவது எளிது. ஆயினும் அச்சொல் பாதி உண்மையையே உணர்த்தும். கேட்டவர் பாட்டுக்கென்று காசு கொடுக்கவில்லை என்பது மெய்யே. ஆனால் காசு கொடுக்கப்பட்டது. கொடுத்தது ஊர், யாருக்காகப் பாடப்பட்டதோ அந்தத் தெய்வம் பீடத்தில் இருந்தது, மக்கள் அதன் பக்கத்திலிருந்து கேட்டனர். இந்த ஏற்பாட்டை விட்டுவிட்டு வில்லுப்பாட்டின் வரலாற்றை எழுதப் புகுந்தால், கருவிகளின் பட்டியலும் கதைகளின் பட்டியலும் மட்டுமே மிஞ்சும்.

கொடைக்கு வேண்டிய பணம் தலைக்கட்டு வரியாகத் திரட்டப்படும். மணமாகித் தனிக்குடும்பம் நடத்தும் ஆண்மகன் ஒரு தலைக்கட்டு. கோயில் எந்தச் சமுதாயத்தாருக்கு உரியதோ அச்சமுதாயத்துத் தலைக்கட்டுகள் வரி கொடுக்க வேண்டும். நிலமுடையவரும் கூலிக்குச் செல்பவரும் ஒரே அளவு வரி கொடுக்கும் ஊர்கள் பல. வரியில் நெல்லும் தேங்காயும் சேர்ந்த காலமும் உண்டு. கும்பப்பூ அறுவடை முடிந்து களத்தில் நெல் கிடக்கும் பங்குனி, சித்திரை மாதங்களில் கொடைகள் மிகுதியாக நடந்ததற்கு இந்தப் பொருளியற் காரணமும் உண்டு. வரி கொடுத்தவருக்குப் படைப்புச் சோற்றில் பங்கு உண்டு. வரி கொடுக்காத அயலூராருக்குப் பங்கு இல்லை, பாட்டு உண்டு. சோற்றை எண்ணிப் பகிர்ந்த ஊர் பாட்டை எண்ணவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது.

கொடை பெரும்பாலும் மூன்று நாள் நிகழ்ச்சி. செவ்வாய் அல்லது வெள்ளி நடுநாளாக அமையும். முதல் நாள் இரவு குடியழைப்பு. மறுநாள் மதியக் கொடையும் சாமக் கொடையும். அதன்பின் படைப்பும் மஞ்சள் நீராட்டும். இந்த மூன்று நாளும் தெய்வத்துக்கு முன்னால் வில் தரையில் கிடக்கும். வைரம் பாய்ந்த பனையின் நீண்ட வில்கதிர், அதில் தொங்கும் மணிகள், தோல்நாண், நாணைத் தட்ட இரு வீசுகோல்கள் என்று வில்லுக்குரிய பொருள்கள் அவ்வளவே. வில்லைத் தாங்கி நிற்பது மண்குடம். குடக்காரர் குடத்தின் வாயை மட்டையால் அடிக்கும்போது எழும் ஆழ்ந்த ஓசை நெடுந்தொலைவு கேட்கும். உடுக்கை, தாளம், கட்டை ஆகியவை உடன் நிற்கும். கோயில் நாதசுரமும் தவிலும் கேட்டுப் பழகிய செவிக்கு இவை எளிய கருவிகளாகவே தோன்றும். ஆயினும் குடமும் உடுக்கையும் ஒருசேர விரையும்போது கேட்பவரின் உடல் தானாக அசைவதைக் கண்டவர்கள் இவற்றை எளியவை என்று தள்ளமாட்டார்கள்.

முதன்மைப் புலவர் வலத்தே அமர்வார். அவர் அடியை வாங்கித் திருப்பிப் பாடுபவர் இடத்தே அமர்வார். வலத்தே, இடத்தே என்ற இச்சொற்களே அவர்களின் பெயராகவும் ஆகிவிட்டன. காப்பு, வருபொருள் உரைத்தல், குருவடி பாடுதல், அவையடக்கம், நாட்டுவளம் என்ற முறையில் தொடங்கிக் கதைக்கூறு நடந்து, வாழி பாடி முடியும். நூலறிந்தோர் இந்த வரிசையைக் கண்டு, காப்பியத்தின் உறுப்புகள் அல்லவா இவை என்று வியப்பர். ஏட்டில் அவையடக்கம் என்பது மரபு கருதிச் செய்யும் பணிவு. கொடைப் பந்தலில் அதற்கு வேறு தேவையும் இருந்தது. எதிரில் அமர்ந்திருப்போர் அக்கதையை ஆண்டுதோறும் கேட்டவர்கள். ஒரு பெயரோ ஊரோ ஆற்றுத்துறையோ மாறினால் பந்தலிலிருந்தே திருத்தம் வரும். புலவர் தவறைப் பொறுக்குமாறு அவையை வேண்டுவது, உண்மையிலேயே தவறு கண்டுபிடிக்கக்கூடியவர்களை நோக்கிய வேண்டுகோள். வரி கொடுத்தவர் என்பதோடு, அக்கதை தம் குடும்பத்தின் சாமியினுடைய கதை என்பதும் அவர்களுக்கு அந்த உரிமையைத் தந்தது. காசு கொடுத்துக் கேட்கும் அவைக்குக்கூட அத்தகைய உரிமை எளிதில் வாய்ப்பதில்லை.

பாட்டு ஓரிடத்தில் கட்டுமீறும். கதை, தெய்வம் உயிர்நீத்த இடத்தையோ அதன் ஆற்றல் வெளிப்பட்ட இடத்தையோ நெருங்கும்போது உரைநடை குறையும், அடிகள் சுருங்கும், உடுக்கை விரையும். வரத்துப் பாட்டு எழும். கோமரத்தாடி மெல்ல நடுங்கித் தொடங்கிப் பின் ஆடுவார். அந்த நேரத்தில் புலவரின் கண் கேட்போரை விட்டு ஆடுபவர்மேல் நிலைக்கும்; அவர் அடியெடுத்து வைக்கும் விசையைக் கொண்டே தாளம் நடக்கும். அருள் தணிந்தபின் கதை விட்ட இடத்திலிருந்து பேச்சு நடையில் தொடரும். அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1970களின் இறுதியில் இம்மாவட்டத்தில் தங்கிக் கள ஆய்வு செய்தவர். 1988இல் வெளிவந்த அவரது நூல் வில்லுப்பாட்டுக் கதைகளைப் பிறப்பைப் பாடுவன, இறப்பைப் பாடுவன என்று இருவகையாகக் கண்டு, கதையின் உச்சமும் சடங்கின் உச்சமும் எவ்வாறு ஒன்றுசேர்கின்றன என்று காட்டியது. ஏட்டைப் படித்து இக்கதைகளை மதிப்பிடுவோர், ஒரே செய்தி திரும்பத் திரும்ப வருவதைக் குறையாகச் சொல்வது உண்டு. ஆடுபவர் மலையேறும் வரை புலவர் பாடியாக வேண்டும் என்பதை ஏடு சொல்லாது.

கைலாயத்தில் விளக்குச் சுடரில் பிறந்து சுடுகாட்டைக் காக்க வந்த சுடலைமாடன் கதை, பிறப்பைப் பாடும் வகையைச் சேர்ந்தது. இவ்வகைக் கதைகள் புராணத்தின் சாயலுடையவை. கொடையைத் தொடங்கி வைப்பதற்கு ஏற்றவை. நெஞ்சைப் பிடிப்பவை மற்றவை. நம்பி வந்த பெண்ணை அவள் நகைக்காகக் கல்லால் கொன்றவனையும், அதற்குச் சாட்சியாக நின்ற கள்ளிச்செடியையும், மறுபிறவியில் நீலியாக வந்து அவள் தீர்த்த பழியையும் பாடும் கதை இசக்கியம்மன் கோயில்களில் ஒலிக்கும். பிராமணனாகப் பிறந்து, செருப்புத் தைக்கும் குலத்துப் பெண்களான பொம்மக்கா, திம்மக்காவை மணந்து, மாட்டு மந்தை காக்கும் போரில் மாண்ட முத்துப்பட்டன் கதை மேற்கு மலையடிவாரம் முழுவதும் பரவியது. 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கரின் படையோடு கணியாகுளத்தில் போரிட்டு வீழ்ந்த வேணாட்டுத் தலைவன் இரவிக்குட்டிப் பிள்ளையின் கதையும் வில்லில் ஏறியது. கொலையுண்டவர், ஏமாற்றப்பட்டவர், சாதி கடந்து மணந்தவர், அரசுக்காகச் செத்தவர் ஆகிய இவர்களுக்குப் பெருங்கோயிலில் இடமில்லை. ஊர் அவர்களுக்குப் பீடம் அமைத்தது. ஆண்டுக்கொருமுறை அவர்கள் இறந்த விதத்தை அவர்கள் முன்னாலேயே பாடச் செய்தது. அதற்குத்தான் வரி.

பெருங்கோயிலிலும் இசை இருந்தது. அதற்கும் சீட்டு இல்லை. சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலில் மார்கழித் திருவிழா பத்து நாள் நடக்கும். ஒன்பதாம் நாள் தேர். சுவாமி வீதி வரும்போது நாதசுரம் முன்செல்லும். தெருவில் நின்றால் போதும், கேட்கலாம். ஆனால் தெருவில் நிற்பதே எல்லார்க்கும் வாய்த்ததில்லை. தீண்டாமையின் பெயரால் விலக்கப்பட்ட சாதியினர் அக்கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் நடக்கவும் தடை இருந்தது. வைக்கம் போராட்டத்தை அடுத்து 1926இல் சுசீந்திரத்தில் சத்தியாக்கிரகம் தொடங்கியது. 1930இல் மீண்டும் நடந்தது. டாக்டர் எம். ஈ. நாயுடு முதலியோர் அதில் முன்னின்றனர். 1936 நவம்பர் 12 அன்று திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள் ஆலயப் பிரவேசப் பிரகடனத்தை வெளியிட்டார். 1937 சனவரியில் காந்தியடிகள் வந்து சுசீந்திரம் கோயிலுக்குள் சென்றார். அதற்கு முந்திய தலைமுறைகளில், பழையாற்றங்கரையின் வயல்களில் உழைத்த பலருக்கு மார்கழி நாதசுரம் காற்று கொண்டுவந்து சேர்த்த அளவே. கட்டணமில்லாத இசையைப் பற்றிப் பெருமைப்படும் எவரும் இந்த வீதிகளை மறந்து பேசுதல் ஆகாது. அதே மக்கள் தம் சேரியிலும் குடியிருப்பிலும் வரி பிரித்து வில் வைத்தனர். அங்கே அவர்களைப் போ என்று சொல்ல யாரும் இல்லை. ஊர்க்கொடைகளும் சாதி எல்லைக்குள்ளேயே நடந்தன என்பதும் மெய்தான்; பிற சாதியார் கோயிலில் எட்ட இருந்து கேட்ட வழக்கத்தை மறைத்து எழுத வேண்டியதில்லை.

அரசரின் இசை வேறு வழியில் சென்றது. பத்மநாபபுரத்துச் சரசுவதியும் வேளிமலைக் குமரனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் நவராத்திரிக்கு ஊர்வலமாகத் திருவனந்தபுரம் செல்வது இன்றும் நடக்கிறது. 1956 நவம்பர் 1இல் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பின்னும், மாநில எல்லை கடந்து அந்த ஊர்வலம் போகிறது. அங்கே நவராத்திரி மண்டபத்தில் சுவாதித் திருநாளின் கீர்த்தனைகளைப் பெரும் வித்துவான்கள் தெய்வத்தின் முன் பாடுவர். அம்மண்டபத்தில் பெண் ஒருவர் முதன்முதலாகப் பாடியது 2006இல். பாடியவர் பாறசாலை பொன்னம்மாள். தெய்வத்துக்காகப் பாடுவது என்ற அளவில் மண்டபமும் கொடைப் பந்தலும் ஒன்றே. யார் பாடலாம், யார் கேட்கலாம் என்பதை அங்கே அரண்மனை வகுத்தது. வில்லுப்பாட்டிலோ பெண்கள் தலைமைப் புலவராகவே அமர்ந்தனர். 2018இல் மறைந்த கொட்டாரம் பூங்கனி அம்மாள் சிறுமியாகவே வில்லெடுத்துப் பல்லாண்டு ஊர் ஊராகப் பாடியவர். வீசுகோலை மேலே எறிந்து தாளம் தவறாமல் பிடிக்கும் அவரது வீச்சைக் காணவே கூட்டம் சேர்ந்தது.

கொடையைப் போலவே சீட்டில்லாமல் கேட்கும் இரவுகளும் பகல்களும் இம்மாவட்டத்தில் வேறு சமயத்தாரிடமும் உண்டு. சாமித்தோப்பில் கார்த்திகை மாதத்தில் பதினேழு நாள் திருஏடு வாசிப்பு நடக்கும். 1841இல் எழுதப்பெற்ற அகிலத்திரட்டு அம்மானையை இராகத்தோடு வாசிக்க மக்கள் அமர்ந்து கேட்பர். திருக்கல்யாணப் பகுதி வாசிக்கும் நாளில் கூட்டம் பெருகும். தக்கலையில் பீர்முகம்மது அப்பாவின் ஆண்டு விழாவில் அவர் இயற்றிய ஞானப்புகழ்ச்சியை இரவு முழுவதும் பாடுவர். பாடுவோர் தொழில்முறைப் பாடகர் அல்லர்; கடை வைத்திருப்பவரும் நெசவு செய்தவர் மரபினரும் ஒன்றாக இருந்து பாடுவர். ஒரு கவிஞரின் நூல் அச்சுக்கு வெளியே இவ்வாறு குரல்களில் வாழ்வது எத்தகைய பேறு என்பதைக் கவிதை எழுதுவோர்க்கு விளக்க வேண்டியதில்லை.

1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியது. மேடையில் தமிழ்ப்பாட்டுக்கு எத்தனை பங்கு என்று சென்னைச் சபைகளில் சூடான வாதம் நடந்தது. அந்த ஆண்டிலும் நாஞ்சில் நாடு மலையாள அரசின் கீழ்த்தான் இருந்தது. ஆட்சியில் மலையாளம் ஓங்கியிருந்த அந்நாட்டில், கொடைப் பந்தலில் இரவு முழுவதும் தமிழே ஒலித்தது. அதற்குத் தீர்மானம் எதுவும் தேவைப்படவில்லை. எழுத்தறியாதவர்க்கும் விருத்தமும் சிந்தும் கண்ணியும் காதில் பதிந்தன. தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை மருமக்கள்வழி மான்மியத்தை இயற்றியபோது, தாய்வழிச் சொத்துரிமையின் கேடுகளைக் காரணவரின் ஐந்தாம் மனைவி தன் வாயாலேயே சொல்லுமாறு அமைத்தார். அநீதிக்குள்ளான பெண் அவைமுன் தன் கதையை எடுத்துரைக்கும் இம்முறையில் ஊர்க்கொடையின் குரல் கேட்கிறதென்று கொள்வது பொருந்தும். 1926இல் நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் சட்டம் வந்ததற்கு உதவிய பொதுக்கருத்தில் அந்நூலுக்கும் பங்கு உண்டு.

ஒழுகினசேரியில் 1908இல் பிறந்த என். எஸ். கிருஷ்ணன் வில்லுப்பாட்டின் வழியே கலைவாழ்வுக்குள் வந்தவர். நாடகமும் திரைப்படமும் அவரை நாடறியச் செய்தபின் அவர் வில்லைத் துறக்கவில்லை. கொத்தமங்கலம் சுப்பு காந்தியடிகளின் வரலாற்றை வில்லுப்பாட்டாக்கிப் பாடினார். கலைவாணரால் ஊக்கம் பெற்ற சுப்பு ஆறுமுகம் 2022இல் மறையும் வரை வில்லை மேடைகளிலும் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் நிலைநிறுத்தினார். இதனால் குமரி, நெல்லை மாவட்டங்களுக்கு வெளியே வில்லுப்பாட்டு என்ற சொல்லையே அறியாதிருந்தோர் அக்கலையை அறிந்தனர். நகைச்சுவையும் சீர்திருத்தக் கருத்தும் அதில் இயல்பாக ஏறின. ஆனால் மேடை ஏறிய வில்லுக்கு எதிரில் பீடம் இல்லை, கோமரத்தாடியும் இல்லை. இரவு முழுவதும் நடந்தது ஒன்றரை மணி நேரத்துக்குள் அடங்கியது. இடத்தே இருந்து அடி வாங்கிப் பாடியவர் ஆமாம் போடுபவராகக் குறுகினார். மேடை வில்லின் பயனை மறுக்க வேண்டியதில்லை. அது வேறொரு கலை என்று கொண்டால் இரண்டுக்கும் நீதி செய்ததாகும். பேராசிரியர் நா. வானமாமலை முத்துப்பட்டன் கதை முதலியவற்றைப் பதிப்பித்ததும், தி. சி. கோமதிநாயகம் தமிழ் வில்லுப்பாட்டுகளை ஆராய்ந்ததும், அ. கா. பெருமாள் இம்மாவட்டத்து ஏடுகளைத் தேடித் தொகுத்ததும் கொடை வில்லின் பாடங்களை அழியாமல் காத்தன.

கொடையிலும் மாற்றம் வந்தது. முதலில் ஒலிபெருக்கி. அது குடத்தின் ஓசையைப் பெருக்கியது. இடைவேளையில் திரைப்பாட்டையும் கொண்டுவந்தது. பின்னர் மெல்லிசைக் குழுக்கள் வந்தன. கேரளத்துச் செண்டை மேளம் வந்தது. வரித்தொகை பழைய அளவினும் பன்மடங்கு பெருகியும் வில்லுக்குரிய பங்கு அவ்வாறு பெருகவில்லை. வில்லுப்பாட்டு அழிந்துவிட்டது என்று ஆண்டுதோறும் எழுதுவோர் கொடைக்குப் போவதில்லை போலும். வில் இல்லாமல் கொடை கழிக்க அஞ்சும் கோயில்கள் இன்றும் பல. தீபாராதனை நேரத்தில் புலவர் இருந்தாக வேண்டும். குறைந்தது கேட்போர்தான். மதியக் கொடை நேரத்தில் சாமியாடிகளும் முதியோர் சிலரும் இருக்கப் புலவர் பாடுவார். இளைஞர் கூட்டம் இரவு மெல்லிசைக்கு வரும். தெய்வத்துக்குச் செலுத்த வேண்டியதை ஊர் செலுத்திவிடுகிறது. பெயரோ ஆற்றுத்துறையோ மாறினால் திருத்தக்கூடிய அந்த அவை மட்டும் ஆண்டுக்காண்டு சிறுத்துவருகிறது. திருத்துவோர் இல்லாத இடத்தில் கதையைச் சுருக்குவதும் எளிதாகிறது. சில கதைகளில் பிறப்பும் இறப்பும் மட்டும் பாடப்பட்டு நடுப்பகுதி விடப்படுகிறது.

முடிவில் வாழி பாடும் வழக்கம் மட்டும் சுருங்கவில்லை. பாடிய பிள்ளைகளும் கேட்ட பெருமக்களும் வாழ்க என்பார் புலவர். வரி கொடுத்தோரும், கொடுக்க இயலாதோரும், ஊரை விட்டுப் பிழைக்கப் போனோரும் வாழ்க என்பார். பிறகு வில்லிலிருந்து நாணைத் தளர்த்தி, மணிகளைத் துணியில் சுற்றி, குடத்தைத் தனியே எடுத்து வைப்பர். வரிக்கணக்கு எழுதிய ஏட்டோடு கோயில் தருமகர்த்தா வந்து, வெற்றிலையின்மேல் பணத்தை வைத்துப் புலவரிடம் நீட்டுவார்.